அத்தையின் கைத்துப்பாக்கி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு முடிந்து துடைத்துவிட்ட சாப்பாட்டு மேசைமேல், சரியாக மூன்று மணிக்குப் பழைய செய்தித்தாள் விரியும். அதன்மேல் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்ப் புட்டி, மாமாவின் நைந்த பனியனிலிருந்து வெட்டிய துண்டுத் துணிகள், வீட்டில் யாரோ பல் தேய்த்துக் கழித்த பிரஷ், நுனியில் துணி சுற்றிய மூங்கில் குச்சி எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். கடைசியாக உள்ளறை பீரோவிலிருந்து, பச்சைக் கம்பளித் துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி வரும். என் மாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. கலியாணமாகி வந்த இரண்டாவது வாரம் அது தெரியாமல், "காப்பி போடட்டுமா அத்தை?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் துப்பாக்கியோடு ஒரு மாமியார் நிமிர்ந்து பார்த்தால் புது மருமகளுக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போட்ட காப்பியை நானே குடித்தேன்.

அவர் அதைப் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் கைப்பிடிக்குள்ளிருந்து தோட்டா வைக்கும் பெட்டியை உருவி எடுப்பார். மேல்மூடியைப் பின்னால் இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்தது போதாமல் சுண்டுவிரலையும் விட்டுத் தடவிப் பார்ப்பார். பிறகு ஒரு சின்னத் திருகல், ஒரு இழுப்பு, மேல்மூடி தனியாக வந்துவிடும். சுருள் கம்பி துள்ளி ஓடாமல் கட்டைவிரலால் அமுக்கிக்கொள்வார். அந்தப் பாகங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர்கள் உண்டு, மாமா சொல்லுவார். அத்தைக்கு அவை மூடி, சுருள், குழாய், நாக்கு, பெட்டி. அவ்வளவுதான். மீன் ஆய்கிற கையும் பூத்தொடுக்கிற கையும் ஒரே கைதான் என்றாலும், அந்த ஒரு மணி நேரம் அது மூன்றாவது ஒரு கையாக இருக்கும். மாமா அப்போது கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். காலையில் சுட்ட களைப்பு.

மாமா, என் மாமனார், நெல் வியாபாரி. பூதலூருக்கு வடக்கே வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர். குறுவை அறுப்பிலும் சம்பா அறுப்பிலும் களம் களமாகப் போய் ரொக்கம் கொடுத்து நெல் பிடிப்பார். இருட்டுக்குள் தனியாக மோட்டார் சைக்கிளில் திரும்ப வேண்டியிருந்ததால் லைசென்சுக்கு எழுதிப் போட்டு வாங்கினார். துப்பாக்கி பழசு. செக் நாட்டில் செய்தது, தோட்டா முப்பத்திரண்டு அளவு. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர், தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது துப்பாக்கிக் கடையில் விட்டுப்போனதாம். ஒவ்வொரு தடவை விசையை இழுத்ததும் காலி உறை தானே வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். கருப்புப் பூச்சு விளிம்புகளிலெல்லாம் தேய்ந்து உள்ளிரும்பு தெரியும். கைப்பிடியில் ஒரு மூலை உடைந்திருக்கும். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, அம்மிக்கல் மாதிரி இருக்கும். ஆனால் அதைப் பற்றி மாமா பேச ஆரம்பித்தால் பந்திக்கு இலை போட்டாலும் எழுந்து வர மாட்டார்.

ஒருமுறை மாமா வண்டியோடு வரப்பிலிருந்து சறுக்கி நடவு வயலில் விழுந்தார். மாமாவும் வண்டியும் இடுப்பில் இருந்த துப்பாக்கியும் மூக்கு முட்டச் சேறு. மாமாவைக் குளிப்பாட்டிய பிறகு துப்பாக்கியைக் குளிப்பாட்டினார்கள். அடுத்த ஞாயிறு, வல்லம் போகும் வழியில் செம்மண் மேட்டுக்கு அடியில் இருந்த துப்பாக்கிச் சங்கத்து மைதானத்தில், ஒரு தோட்டாகூடச் சிக்காமல் பெட்டி முழுக்கச் சுட்டுத் தீர்த்தாராம். பளபளவென்று புதுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் மூடி சிக்கிக்கொண்டு தட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றாராம். "சேத்துல விழுந்தா நெல்லு முளைக்கும், நம்மது சுடும்" என்பார். இந்தக் கதையை நான் ஒரு ஐம்பது தடவை கேட்டிருப்பேன். அந்தச் சேற்றைக் கழுவியது யார் என்று ஒரு தடவைகூட அந்தக் கதையில் வந்ததில்லை. அன்றைக்கு எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். மாதத்தின் முதல் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வீடே அம்பாசிடர் காரில் ஏறி மைதானத்துக்குப் போகும். மாமா சுடுவார். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்த பிறகு அவர்களும் அவர் பக்கத்தில் நின்று சுட்டிருக்கிறார்கள். அத்தை வேப்பமரத்தடியில் பாய் விரித்து எலுமிச்சைச் சோற்றுத் தூக்கைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வந்த பிறகு நானும் அவரோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் நான் தூக்கிப் போடுவேன். அத்தை அசைய மாட்டார், கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வார். "இது மண்ணுல போயிருச்சு" என்பார். "இது அட்டையில பட்டுது" என்பார். மாமா அட்டையைக் கொண்டுவந்து காட்டும்போது சரியாக இருக்கும். நான் அதை வேடிக்கை என்று நினைத்தேன்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் வந்துகொண்டிருந்த காலம். தண்ணீர் வருமா வராதா என்று அப்பாக்கள் மேட்டூர் அணையைப் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் விமானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். என் கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போனார். அவருடைய அண்ணன், என் மூத்தார், கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்குப் போனார். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் தேதி தெரியாமல் தடுமாறிவிடும், அதைத் தடுக்கத்தான் போயிருக்கிறார் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வீட்டில் மாமா, அத்தை, நான், நான்கு வயது மகள். அந்த வருஷத்துச் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது மாமா ஒரு காலை வயலுக்குப் போய்த் திரும்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பிள்ளைகள் இருவரும் வந்தார்கள், அழுதார்கள், முப்பதாம் நாள் பூசை வைத்தார்கள், லீவு முடிந்து புறப்பட்டார்கள். அதற்குள் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தாகிவிட்டது. லைசென்சுக்காரர் இறந்தால் அதுதான் சட்டம். வாரிசு யாராவது தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். மூத்தார் புறப்படும் நாளன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டே, "கடைக்காரர்கிட்ட சொல்லி வச்சிட்டேம்மா. மூணு மாசத்துல வந்து எடுத்துக்குவாரு" என்றார். அத்தை அவருக்கு வழிக்கு முறுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எடுத்துக்க வேணாம். என் பேருக்கு மாத்து" என்றார்.

மூத்தார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அத்தையின் முகம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த முகம். காப்பி போடட்டுமா என்று கேட்டபோது பார்த்த அதே முகம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அத்தை பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் மற்ற வாரிசுகள், அதாவது இரண்டு பிள்ளைகளும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். என் கணவர் அம்மா சொன்னால் எதிலும் போடுவார், போட்டு அனுப்பிவிட்டார். மூத்தார் போடவில்லை. போனில், ஆளில்லாத வீட்டில் ஆயுதம் எதற்கு, திருடன் அதையே பிடுங்கிச் சுட்டால் என்ன செய்வாய், வயதான காலத்தில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொள் என்றெல்லாம் சொன்னார். அத்தைக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயதுதான். போனை வைத்துவிட்டு, "ஜெபமால இந்தக் கையில, அது அந்தக் கையில. எனக்கு ரெண்டு கை இருக்கு" என்று என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டியவள் என்ன செய்தேன் என்பதை இப்போது சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின வாரமே நான் மூத்தாருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருந்தேன். நான்கு வயதுக் குழந்தை ஓடியாடுகிற வீடு, பீரோ சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அத்தை பிடிவாதமாக இருக்கிறார், தயவுசெய்து நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள், நான் எழுதினேன் என்று சொல்லாதீர்கள். பயம் உண்மைதான். ஆனால் மாமியாரிடம் நேரே சொல்லத் துணியாமல் அமெரிக்காவுக்கு ஸ்டாம்பு ஒட்டியதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியவள் நான்தான்.

ஐப்பசி அடைமழை விட்ட ஒரு சனிக்கிழமை, அத்தை என்னை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். பையில் எண்ணெய்ப் புட்டி, பனியன் துணி, பிரஷ், குச்சி. விண்ணப்பம் பற்றி விசாரிக்கத்தான் போகிறோம் என்று நான் நினைத்தேன். அத்தை நேராக ஸ்டேஷன் ரைட்டர் மேசைக்கு முன்னால் போய் நின்று, "எங்க வீட்டுத் துப்பாக்கி இங்க இருக்குங்க. மழை பேஞ்சிருக்கு, அதைத் துடைக்கணும்" என்றார்.

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மாதிரி ஒரு விண்ணப்பத்தை அவர் தன் சர்வீசில் பார்த்திருக்க மாட்டார். "டெபாசிட்டுல இருக்கிறத வெளிய எடுக்க முடியாதும்மா" என்றார்.

"வெளிய வேணாங்க. இங்கேயே துடைக்கிறேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க. துரு ஏறிப்போனா யாருக்கு லாபம்?"

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். இளவயது, மதுரைப் பக்கத்துக்காரர். அத்தையை மேலும் கீழும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, எடுத்து வரச் சொன்னார். ரைட்டர் அதற்கென்று ஒரு பதிவேட்டில் ஒரு வரி எழுதி அத்தையிடம் கையெழுத்து வாங்கினார். ஏட்டு ஒருவர் கம்பளித் துணியோடு கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

அத்தை பிரித்துப் பார்த்தார். மேல்மூடியின் ஓரத்தில், கடுகு தாளித்த எண்ணெய் தெறித்த மாதிரி, சின்னச் சின்னத் துருப் புள்ளிகள். அத்தை "ஐயோ" என்றார். மாமா இறந்த அன்று அழுத அழுகை வேறு, இது வேறு. இது காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டதும் வருகிற சத்தம். பிறகு அவர் வேறெதையும் பார்க்கவில்லை. பெட்டியை உருவினார், சுண்டுவிரலை விட்டுத் தடவினார், ஒரு திருகல், ஒரு இழுப்பு. ஏட்டு, ரைட்டர், கையெழுத்துப் போட வந்திருந்த இரண்டு அடிதடிக் கேசுகள், எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் தானாகவே டீ வாங்கிவரப் போனார். எண்ணெய்த் துணியால் புள்ளி புள்ளியாகத் தேய்த்து எடுத்துவிட்டு, திரும்பப் பூட்டி, இரண்டு தடவை மூடியை இழுத்து விட்டு, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, பிறகுதான் அத்தை நிமிர்ந்தார்.

"எங்க பசங்ககூட இவ்வளவு சுருக்காப் பிரிக்க மாட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லாச் சுடுவீங்க போல."

"ஒரு தடவகூடச் சுட்டதில்ல சார்" என்றார் அத்தை.

இன்ஸ்பெக்டர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. பிரஷ்ஷைத் துணியில் சுற்றிக்கொண்டே, "அவங்க சுடுவாங்க. புள்ளைங்க சுடுவாங்க. எனக்கு யாரும் குடுக்கல. நானும் கேக்கல. இருபத்தெட்டு வருஷம் ஆச்சு" என்றார். சொன்ன குரலில் குறை ஒன்றும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வேப்பமரத்தடியில் ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஒரு நாளும் விளங்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய்க் கரை வழியாகத் திரும்பி நடந்தோம். இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அத்தை நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். "எங்கிட்ட வந்து 'பயமா இருக்கு அத்தை'ன்னு சொல்லியிருந்தா ஒரு இரும்புப் பொட்டி வாங்கி, சாவிய ஒன் இடுப்புல கட்டியிருப்பேன்" என்றார். பிறகு நடந்தார். நான்கு நாள் எங்களுக்குள் பேச்சு நடந்தது முழுக்க என் மகள் மூலமாகத்தான். "ஒங்கம்மாவ உப்பு எடுத்தாரச் சொல்லு", "ஒங்கம்மாகிட்ட கொழம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு." குழந்தைக்கு அது பெரிய உத்தியோகமாகப் போய்விட்டது. ஐந்தாம் நாள் அத்தை நேராக என்னிடம் வந்து, "முடிச்சுப் போட்டது நீ. அவுக்கிறதும் நீதான்" என்றார்.

அன்று மாலை மூத்தார் போன் செய்தபோது ரிசீவரை நான் எடுத்தேன். என் கடிதத்தை மறந்துவிடுங்கள், கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. போன மாசம் ஒன்று, இந்த மாசம் ஒன்றா என்றார். ஸ்டேஷனில் பார்த்ததைச் சொன்னேன். துருவைச் சொன்னேன், சுற்றி நின்றவர்களைச் சொன்னேன், இன்ஸ்பெக்டர் கேட்டதையும் அத்தை சொன்னதையும் அப்படியே சொன்னேன். லைன் போய்விட்டதென்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"அம்மா ஒரு தடவகூடச் சுட்டதில்லையா?" என்று கேட்டார் மூத்தார்.

"நீங்கதான சின்னப் புள்ளைலேருந்து கூடவே போனீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியல" என்றார். மறுபடியும், "தெரியவே இல்ல" என்றார். கையெழுத்து பத்தாவது நாள் கூரியரில் வந்தது. கூடவே ஒரு சின்னப் பார்சல். காதில் மாட்டிக்கொள்ளச் சத்தம் தடுக்கும் கருவி, பெண்கள் தலைக்குப் பொருந்துகிற அளவில். அத்தை அதை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் சமையல் செய்தார், மிக்ஸி சத்தம் கேட்கவில்லை என்று ஒரே சந்தோஷம்.

பிறகு தஞ்சாவூரில் விசாரணை. பெரிய மேசை, பெரிய அதிகாரி. நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா, உயிருக்கு ஏதாவது மிரட்டல் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார் அத்தை. வயலில் பன்றித் தொல்லையா? எங்கள் பக்கம் பன்றி இல்லை, மயில்தான், அதைச் சுடக் கூடாது என்றார் அத்தை. ரொக்கம் எடுத்துக்கொண்டு போய்வருகிறீர்களா? இல்லை, வியாபாரத்தை மூடியாகிவிட்டது. அதிகாரி கோப்பை மூடப் போனார். "பின்ன எதுக்கும்மா ஒங்களுக்குத் துப்பாக்கி?" ஒரு பொய் சொன்னால்கூடப் போதும், சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இருபத்தெட்டு வருஷமா ஆக்கிப் போட்டிருக்கேன் சார்" என்றார் அத்தை. "ஒரு வாய் நான் சாப்பிட வேணாமா?"

அதிகாரிக்கு விளங்கவில்லை. நான்தான் எழுந்து, யார் துடைத்தார்கள், யார் சுட்டார்கள் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மூடப் போன கோப்பைத் திறந்து, 'குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காக' என்று ஒரு வரி எழுதினார். எழுதும்போது சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, தலையைக் குனிந்திருந்தார்.

லைசென்ஸ் வந்து துப்பாக்கி வீடு திரும்பிய வாரம் அத்தை செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் அது பாவம். எங்கள் சர்ச்சுப் பங்கில் யாராவது புது டிராக்டரோ மோட்டார் சைக்கிளோ வாங்கினால் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்குவது வழக்கம். அத்தை துப்பாக்கியைக் கம்பளித் துணியோடு ஒரு தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்து எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் தாம்பாளத்தோடு நின்ற அத்தையைப் பார்த்ததும் சாமியார் புத்தகத்தைப் புரட்டினார். வீட்டுக்கு ஜெபம் இருந்தது, கிணற்றுக்கு இருந்தது, வாகனத்துக்கு இருந்தது. "இதுக்கு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். "ஏர் கலப்பைக்கு இருக்குமே சாமி, அதையே படிங்க. இதுவும் இரும்புதான்" என்றார் அத்தை. சாமியார் நல்ல மனிதர், படித்தார். படித்துவிட்டு, வண்டிகளுக்குத் தெளித்த அதே உற்சாகத்தில் தீர்த்தத்தைத் துப்பாக்கிமேலும் தாராளமாகத் தெளித்துவிட்டார். அத்தை "ஐயையோ!" என்று அலறி, ஊரே பார்க்க, முந்தானையால் தீர்த்தத்தைத் துடைத்து எடுத்தார். சாமியார் திகைத்து நின்றார். "கோவிச்சுக்காதீங்க சாமி. தீர்த்தம் எது, பைப்புத் தண்ணி எதுன்னு துருவுக்குத் தெரியாது" என்றார் அத்தை. டிராக்டர்க்காரர் சிரித்த சிரிப்பில் சாமியாரும் சேர்ந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு பூதலூரில் பாசஞ்சர் ரயில் ஏறித் தஞ்சாவூர் போய், அங்கிருந்து ஆட்டோவில் மைதானத்துக்குப் போனோம். சங்கத்துச் செயலாளர், மாமாவோடு சுட்டவர், அத்தையை வரிசையில் நிற்கவைத்து எப்படி நிற்க வேண்டும், எப்போது விரலை விசைமேல் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். அத்தை மூத்தார் அனுப்பியதைக் காதில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்து நீட்டினார். முதல் தோட்டா எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். செம்மண் மேட்டின் உச்சியில் கொஞ்சம் புழுதி கிளம்பியது. காலி உறை தெறித்து அத்தையின் தோளில் பட்டு என் காலடியில் வந்து விழுந்தது. அத்தை துப்பாக்கியைத் தாழ்த்தினார். ஏதோ ஆகிவிட்டதென்று நான் பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, வாய்விட்டு, தனக்கே சத்தம் கேட்காததால் அளவு தெரியாமல், மைதானமே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. நான் வந்து ஐந்து வருஷத்தில் அந்தச் சிரிப்பை ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

மீதியையும் சுட்டார். கடைசித் தோட்டா மட்டும் அட்டையின் ஓரத்தில் பட்டது. ஒன்றுகூடச் சிக்கவில்லை. செயலாளர் காலி உறைகளைப் பொறுக்கிக்கொண்டே, "அவர் சொன்னது நெஜந்தாம்மா. இந்தத் துப்பாக்கி மக்கர் பண்ணவே பண்ணாது" என்றார்.

"மக்கர் பண்ணாதது அது இல்லீங்க" என்றார் அத்தை. "நானு."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தோம். மூன்று மணி ஆனது. அத்தை செய்தித்தாளை விரித்தார், எண்ணெயையும் துணியையும் எடுத்து வைத்தார், துப்பாக்கியை நடுவில் வைத்தார். பிறகு நாற்காலியை என் பக்கமாக நகர்த்தி, "ஒக்காரு" என்றார். அவர் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். கடிதத்துக்கு அதுதான் தண்டனை என்று எனக்குப் புரிந்தது. சுருள் கம்பி இரண்டு தடவை துள்ளி ஓடியது, ஒரு தடவை மிக்ஸிக்கு அடியில் போய் விழுந்தது. கூடத்திலிருந்து, "கட்டவெரல வையி" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் குறட்டையாகிவிட்டது.

இதெல்லாம் நடந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. அத்தைக்கு எண்பத்தொன்று. கண் இரண்டும் ஆபரேஷன் ஆகிவிட்டது, முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. என் கணவர் சிங்கப்பூரை முடித்துக்கொண்டு வந்து வயலைப் பார்க்கிறார். மூத்தார் அங்கேயே தங்கிவிட்டார், இப்போது போனில் முகம் தெரிகிறது. நானும் சங்கத்தில் உறுப்பினராகி, சங்கத்துத் துப்பாக்கியில் சுடுகிறேன். சுமாராகச் சுடுவேன். முதல் ஞாயிறுகளில் மகள் விடுமுறைக்கு வந்திருந்தால் அவள் கார் ஓட்டுவாள். அத்தை இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் சுடுகிறார். ஐந்து தோட்டாவோடு நிறுத்திக்கொள்கிறார். அவருடைய துப்பாக்கியைத் துடைப்பது இன்றுவரை நான்தான்.

போன முறை லைசென்சைப் புதுப்பிக்கப் போனபோது, அங்கிருந்த எழுத்தர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றிவிடலாம், மருமகள் பெயருக்கும் மாற்றலாம், அலைச்சல் மிச்சம் என்றார். வரும் வழியில் நான் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தேன். நேராகவே கேட்டேன், இந்தத் தடவை ஸ்டாம்பு ஒட்டவில்லை. "என் பேருக்கு மாத்திடலாமா அத்தை?"

அத்தை கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பா கதிர் சாய்ந்து நின்றது. "நீ எத்தனை வருஷமாத் துடைக்கிற?" என்றார்.

"இருபத்தேழு."

"அப்ப இன்னும் இருபத்தெட்டு ஆகலியே" என்றார். "அது ஒன்னோடதுதான், யாரு இல்லேன்னா? ஆனா நான் இருக்கிற வரைக்கும் குடுக்க மாட்டேன்."

எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஏமாற்றம் இல்லை. அந்தத் துப்பாக்கி என் வீட்டுக்கு வரவே கூடாது என்று ஒரு காலத்தில் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதியவள் நான். இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் முழங்கால் போட்டு, அது என் பெயருக்கு வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அத்தைக்கு அது தெரியும். அடுத்த மாதத்துக்கு ஐந்து தோட்டா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.